மாவு நனையும், மெழுகு நனையாது: வாசகர் கேள்வி - பதில்

செடி கொடியில் இருந்து கிடைக்கும் பொருளை வைத்து மின்னணுச் சாதனங்களை ஈரத்தில் இருந்து காப்பாற்ற முடியுமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. வருவதற்குக் காரணமும் உண்டு. ஒரு பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), தக்காளி, மாம்பழம். இன்னொரு பக்கம் ஓசூரைச் சுற்றி வளர்ந்துவரும் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள். அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்கு. சேகோ ஆலைக்குப் போட்டால் சில வருஷம் வெட்டுக்கூலிகூடக் கட்டுவதில்லை. கிழங்கு மாவில் மக்கும் பை செய்கிறார்களாமே, அதையே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்கு ஈரம் புகாத பையாகச் செய்து கொடுக்க முடியுமா?
- விவசாயி, பாலக்கோடு

பதில்: மாவுப் படலத்தை மட்டும் வைத்து முடியாது. மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று.

மாவு என்பது சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று ஹைட்ராக்சில் முனைகள் உண்டு. அவை தண்ணீரைக் கண்டால் விடாது. வெறும் மாவுப் படலம் அப்பளம் போல நொறுங்கும் என்பதால் கிளிசரின் சேர்க்கிறோம். கிளிசரின் மாவைவிட அதிகமாக ஈரம் இழுக்கும். 80 மைக்ரான் கனமுள்ள மரவள்ளிப் படலத்தின் வழியே, வெளியே 75 சதவீத ஈரப்பதம் இருந்தால், ஒரு நாளில் சதுர மீட்டருக்குச் சில நூறு கிராம் நீராவி கடந்துபோகும். சாதாரண 25 மைக்ரான் பாலிதீனில், 38 டிகிரி வெப்பத்திலும் 90 சதவீத ஈரப்பதத்திலும்கூட அது 20 கிராம் அளவில்தான் இருக்கும்.

சிப் அடைத்து அனுப்பும் பைக்கு ஜெ-எஸ்டிடி-033 என்ற தொழில் தரம் வைத்திருக்கும் வரம்பு, 40 டிகிரியில் 100 சதுர அங்குலத்துக்கு ஒரு நாளில் 0.002 கிராம். நம் கணக்கில் சதுர மீட்டருக்கு சுமார் 0.03 கிராம். மாவுப் படலத்துக்கும் இதற்கும் பத்தாயிரம் மடங்கு இடைவெளி. இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், சிப்பின் கருப்புப் பிளாஸ்டிக் உடலுக்குள் ஊறிய ஈரம், போர்டில் பற்றவைக்கும் அடுப்பில் 240, 260 டிகிரி சூடு படும்போது சட்டென்று ஆவியாகி உள்ளேயே வெடிப்பு விடும். சோளப்பொரி பொரிவதைப் போல இருப்பதால் தொழிற்சாலையில் இதைப் 'பாப்கார்ன்' என்றே சொல்வார்கள். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, சிப் செத்திருக்கும். போன், டிவியில் வரும் ஓஎல்இடி திரைக்குக் கேட்கும் வரம்பு இன்னும் கடுமை: சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த வேலைக்கு எந்தச் செடியின் படலமும் தனியாகப் போதாது. நடுவில் அலுமினிய ஆக்சைடு போன்ற கனிம அடுக்குகள் வேண்டும்.

ஆனால் மாவையே ஒதுக்கிவிட வேண்டாம். மரக்கூழில் இருந்து வரும் செலோபேன் தாளும் ஈரத்தை இப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தது. 1927-ல் டூபாண்ட் நிறுவனத்தின் ஹேல் சார்ச், அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸும் மெழுகும் கலந்த மிக மெல்லிய பூச்சைக் கொடுத்தார். அதன்பிறகுதான் பிஸ்கட்டும் சிகரெட்டும் செலோபேனுக்குள் வந்தன. தாளின் வேலை உடம்பாக நிற்பது, ஈரத்தைத் தடுத்தது மெழுகு. மாவுக்கும் அதே இடம்தான் பொருந்தும். காய்ந்த மாவுப் படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும். இரண்டு பக்கமும் மெழுகோ, கரும்பு எத்தனாலில் இருந்து பிரேசிலில் 2010 முதல் செய்யப்படும் பாலிஎத்திலீனோ வைத்து நடுவில் மாவை வைக்கலாம்.

உங்கள் ஊர் அளவில் யோசித்தால் பையைவிட, பெட்டிக்குள் இடைவெளி நிரப்பப் போடும் பொரி போன்ற மாவு நுரைத் துண்டுகள் கைக்கு எட்டும் வேலை. தெர்மாகோலுக்கு மாற்றாக அவை ஏற்கெனவே சந்தையில் உள்ளன. மாவில் இருக்கும் அந்தக் கொஞ்ச ஈரமே நிலைமின் சேராமல் பார்த்துக்கொள்ளும். தனித்தனி ஈரத்தடுப்புப் பைக்குள் அடைத்த பொருளைச் சுற்றித்தான் இதைப் போட வேண்டும். போர்டின் மேல் நேரடியாகக் கூடாது.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டாகத் தாவரப் பொருளில் ஈரத்தடுப்புப் படலம் செய்ய நினைக்கிறோம். எங்கள் ஆய்வகத்தில் பெரிய கருவி எதுவும் இல்லை. எப்படிச் செய்வது, எப்படி அளப்பது?
- பொறியியல் மாணவி, பர்கூர்

பதில்: செய்வது எளிது, அளப்பதுதான் கடினம். பல புராஜெக்டுகள் தவறான எண்ணோடு முடிவது அளவையில்தான். அதனால் இரண்டையும் விரிவாகவே சொல்கிறோம்.

அடிப்படலத்துக்கு மரவள்ளி ஸ்டார்ச் 5 கிராம், கிளிசரின் 1.5 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. குளிர்ந்த நீரில் மாவைக் கரைத்த பிறகே சூடேற்றுங்கள். சுடுநீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எதுவும் செய்ய முடியாது. கிளறிக்கொண்டே 85 டிகிரிக்குக் கொண்டுபோய் அரைமணி நேரம் அங்கேயே வையுங்கள். பால் போல இருந்தது கண்ணாடி போலத் தெளியும். அடுப்பில் இருந்து இறக்கிப் பத்து நிமிஷம் அசையாமல் விட்டால் காற்றுக்குமிழ்கள் மேலே வந்து உடையும். பிறகு 20 × 30 சென்டிமீட்டர் தட்டில், மட்டம் பார்த்து வைத்து, முழுவதையும் ஊற்றுங்கள். காய்ந்தால் சுமார் 75 மைக்ரான் கிடைக்கும். 40, 45 டிகிரியில் ஒரு நாள் காய வேண்டும். அவசரப்பட்டு 60-க்கு மேல் ஏற்றினால் மேற்பரப்பு முதலில் இறுகி, ஓரம் சுருண்டு, நடுவில் வெடிக்கும்.

மெழுகுக்கு, தவிட்டு எண்ணெய் சுத்திகரிக்கும்போது பிரியும் தவிட்டு மெழுகைத் தேர்ந்தெடுங்கள். 77 டிகிரிக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அது தாங்காது. பிரேசில் பனையின் கார்னோபா மெழுகு 82 டிகிரிக்கு மேல் நிற்கும், விலை அதிகம். எந்த மெழுகானாலும் தனியாகப் பூசினால் படலத்தை ஒருமுறை மடித்தவுடன் முடி போல விரிசல் விடும். சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ப்பது மெழுகைப் பதமாக்கத்தான். அதே வழியில் மெழுகு 85 பங்கு, ரோசின் என்ற பைன் மரப் பிசின் 15 பங்கில் தொடங்கி, 5 பங்கு ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம்.

கண்ணாடித் தட்டைப் படலத்தோடு 80 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு மெழுகை ஊற்றி, கண்ணாடிக் கம்பியால் இழுத்துப் பரப்புங்கள். கம்பியின் இரண்டு முனையிலும் ஒரு சுற்று செலோடேப் ஒட்டினால் அந்த டேப்பின் கனத்துக்கு மெழுகு நிற்கும். தட்டு குளிர்ந்திருந்தால் மெழுகு பட்ட இடத்திலேயே உறைந்து வரிவரியாக நிற்கும். வரிகளுக்கு நடுவில் இருப்பது திறந்த வாசல். கனமாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு முறை, இரண்டாவதை முதலாவதற்குக் குறுக்கே இழுத்துப் பூசுவது மேல். முதல் அடுக்கின் ஊசித்துளையும் இரண்டாவதன் துளையும் ஒரே இடத்தில் அமையாது, நீராவி சுற்றிப் போக வேண்டியிருக்கும். துளையில்லாமல் அமைந்தால், நூறுகளில் இருந்த கசிவு பத்துகளுக்கு இறங்கும்.

இப்போது அளவை. 7 சென்டிமீட்டர் வாயுள்ள கண்ணாடி அல்லது அலுமினியக் கிண்ணம் எடுங்கள். 200 டிகிரியில் உலர்த்திய கால்சியம் குளோரைடு 30 கிராம் போட்டு, விளிம்புக்கு 6 மில்லிமீட்டர் கீழே வரை நிற்கும்படி பாருங்கள். படலத்தை வாயில் பரப்பி, உருகிய மெழுகால் விளிம்பைச் சுற்றி அடையுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடியில் கரையாத உப்பு தெரியும் அளவுக்குச் சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்தால், 25 டிகிரியில் உள்ளே 75 சதவீத ஈரப்பதம் தானாக நிற்கும். கிண்ணத்தை அதற்குள் வைத்து, சின்ன கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைச் சுழலவிடுங்கள். வெறும் மாவுப் படலத்தை ஒரு மணிக்கு ஒருமுறையும், மெழுகு பூசியதை ஒரு நாளைக்கு ஒருமுறையும் எடை பாருங்கள். எடை ஒரே சீராக ஏறும் பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள். தொடக்கத்தில் ஏறுவது படலமே குடிக்கும் ஈரம். கால்சியம் குளோரைடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிராம் குடித்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அதன் தாகம் குறையும், எண் உண்மைக்குக் கீழே வரும்.

கூடவே இன்னொரு கிண்ணத்தின் வாயில் படலத்துக்குப் பதில் அலுமினியத் தாளை ஒட்டி அதே பெட்டியில் வையுங்கள். இதைச் செய்யாத அளவையை நம்பவே வேண்டாம். அலுமினியம் வழியே ஈரம் போகாது. அந்தக் கிண்ணம் எடை ஏறினால் உங்கள் விளிம்பு ஒழுகுகிறது என்று அர்த்தம். உதாரணமாகப் படலக் கிண்ணம் 24 மணியில் 0.12 கிராம், அலுமினியக் கிண்ணம் 0.01 கிராம் ஏறியது என்றால் மீதி 0.11. வாயின் பரப்பு 0.00385 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 28.6 கிராம். இந்தக் கிண்ண முறையில் 1 கிராமுக்குக் கீழே நம்பகமாக அளக்க முடியாது. அதற்கும் கீழே போனால் கால்சியம் உலோகக் கண்ணாடி தெளிவாகிப் போகும் வேகத்தைப் பார்ப்பது போன்ற வேறு முறைகள் வேண்டும்.

'எலக்ட்ரானிக்ஸுக்கு' என்று தலைப்பில் எழுதப் போகிறீர்கள் என்றால் நீராவி எண் மட்டும் போதாது. சீப்புப் பற்கள் கோத்தது போல இரண்டு செப்புப் பாதைகள் 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் சின்ன பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்யுங்கள். அதன்மேல் உங்கள் பூச்சைப் போட்டு, பொட்டாசியம் சல்பேட் நிறைகரைசல் உள்ள பெட்டியில் வையுங்கள். உள்ளே 97 சதவீதம் நிற்கும். ஒரு மெகாஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து 10 வோல்ட் கொடுத்து, ரெசிஸ்டரின் இரு முனையில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் காப்புத்தடை 100 மெகாஓமுக்குக் கீழே போய்விட்டது. ஒரு வாரம் கழித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். பற்களுக்கு நடுவில் பெரணி இலை போலக் கிளைவிட்டுச் செம்பு வளர்ந்திருந்தால், பூச்சுக்கு அடியில் கைவியர்வை உப்பு மாட்டியிருக்கிறது. அப்போது குறை பூச்சில் இல்லை, பூசுமுன் கழுவாததில்.

கேள்வி: போன் தண்ணீரில் விழுந்தால் அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறோம். அரிசியும் தாவரப் பொருள்தானே, வேலை செய்யுமா?
- இல்லத்தரசி, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம். அரிசி போனுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்காது. தூளும் உமித்துகளும் சார்ஜ் துளைக்குள் போய் அடைக்கும். ஆப்பிள் நிறுவனம் 2024-ல் தன் உதவிக் குறிப்பிலேயே அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டது. அணைத்து, துளை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடாமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம்: மின்சாரம் ஓடும்போது ஈரம் செம்பை வேகமாக அரிக்கும். உப்புத் தண்ணீரிலோ சாம்பாரிலோ விழுந்திருந்தால் காயவைத்தும் பயனில்லை. பிரித்துக் கழுவத் தெரிந்தவரிடம் அன்றே கொடுங்கள்.

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனத்துக்கான மண்ஈர சென்சார் சிறிய அளவில் செய்கிறோம். போர்டை மூட இப்போது எபாக்சி ஊற்றுகிறோம். விளக்கெண்ணெயில் யூரேத்தேன் செய்யலாம் என்கிறார்கள். அளவு என்ன? எங்கள் முதல் முயற்சி முழுக்க நுரையாகப் போய்விட்டது.
- சிறுதொழில் நடத்துபவர், ஓசூர்

பதில்: சரியான பொருளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதன் நடுவிலேயே ஒரு ஹைட்ராக்சில் முனை இயற்கையாக இருக்கிறது. அதனால் எதுவும் மாற்றாமல் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளோடு நேரடியாக இறுகி யூரேத்தேன் பிசினாகும். மின்கேபிள் இணைப்புகளை அடைக்கும் கலவையில் இது பழகிய பொருள்.

அளவு இப்படி. எண்ணெயின் ஹைட்ராக்சில் எண் 163 என்றால் அதன் சமான எடை, அதாவது ஒரு மோல் முனைக்கு உரிய எடை, 344. பாலிமெரிக் எம்டிஐ என்ற ஐசோசயனேட் வகையில் ஐசோசயனேட் முனை 31 சதவீதம் என்றால் சமான எடை 135.5. ஐந்து சதவீதம் கூடுதலாக வைத்தால் 100 கிராம் எண்ணெய்க்கு 41 கிராம் எம்டிஐ. உங்கள் டிரம்மோடு வரும் சோதனைத் தாளில் எண் வேறாக இருந்தால் கணக்கும் மாறும். 'ஒன்றுக்குப் பாதி' என்று கண்ணளவில் கலக்காதீர்கள்.

நுரைக்குக் காரணம் எண்ணெயில் இருந்த தண்ணீர். எம்டிஐ தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும். 100 கிராம் எண்ணெயில் வெறும் 0.1 கிராம் தண்ணீர் இருந்தால்கூட சுமார் 135 மில்லி வாயு கிளம்பும், அதாவது ஊற்றிய எண்ணெயின் கொள்ளளவைவிட அதிகம். ஊரில் கொட்டமுத்தை (ஆமணக்கு விதையை) வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கும் விளக்கெண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது. எஃப்எஸ்ஜி (ஃபர்ஸ்ட் ஸ்பெஷல் கிரேடு) தர எண்ணெய் வாங்குங்கள். அதிலும் ஈரம் கால் சதவீதம் வரை இருக்கலாம் என்பதால், வெற்றிடத்தில் 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து உலர்த்துங்கள். வெற்றிட வசதி இல்லையென்றால் ஈரத்தை உறிஞ்சும் 3ஏ மூலக்கூறு சல்லடைத் தூள் 5 சதவீதம் கலந்து ஓர் இரவு விடலாம்.

எண்ணெய் உலர்ந்திருந்தும் அடியில் மட்டும் குமிழ் வந்தால் ஈரம் போர்டில் இருந்தது. ஊற்றுமுன் போர்டை 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் ஊற்றுங்கள். மழைக்கால ஓசூர்க் காற்றில் எம்டிஐ டின்னைத் திறந்து வைத்தாலே மேலே ஏடு கட்டும். அதைக் கலக்கிவிடாமல் எடுத்துப் போட வேண்டும். வினையூக்கி சேர்க்காவிட்டால் கலவை சில மணி நேரம் இளகியே இருக்கும். அந்த நேரம் காற்று வெளியேற உதவும், அவசரம் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வயலில் புதைத்த சென்சார்கள் ஊற்றுக் கலவை வழியே நனைவதைவிட ஒயர் வழியேதான் அதிகம் நனைகின்றன. பலஇழை ஒயரின் செம்பு இழைகளுக்கு நடுவில் விளக்குத்திரி போலத் தண்ணீர் ஏறும். மேலுறை முழுசாக இருந்தாலும் ஏறும். கலவைக்குள் மூழ்கும் இடத்தில் 5 மில்லிமீட்டர் மேலுறையை உரித்து, இழைகளுக்குள் ஈயம் ஊடுருவும்படி பற்றவைத்துக் கட்டியாக்குங்கள். பிவிசி மேலுறையை உப்புத்தாளால் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்தால்தான் யூரேத்தேன் பிடிக்கும்.

எம்டிஐ ஆவி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட இழுப்பை வரவழைக்கும். நைட்ரைல் கையுறை, கரிம ஆவிக்கான வடிகட்டி முகமூடி, வெளியே தள்ளும் விசிறி மூன்றும் வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்கும் வேலை இல்லை இது. விளம்பரத்தில் '100 சதவீதம் தாவரம்' என்றும் போடாதீர்கள்; எடையில் பத்தில் ஏழு பங்குதான் ஆமணக்கு.

கேள்வி: விலை விழுந்தால் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறோம். தக்காளித் தோலில் இருந்து பூச்சு எடுக்கலாம் என்கிறார்களே?
- தக்காளி விவசாயி, ராயக்கோட்டை

பதில்: உண்மை. மழையில் நனைந்த தக்காளியில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுவதைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்தத் தோலின் மேலுறையில் கியூட்டின் என்ற பொருள் இருக்கிறது. நீண்ட கொழுப்பமிலங்கள் ஒன்றோடு ஒன்று கோத்த வலை, அதில் ஊறிய மெழுகு: செடி தன் உடம்பு நீர் போகாமலிருக்கத் தானே போர்த்திக்கொண்ட படலம். மாவைவிட நூறு மடங்கு நம்பிக்கையோடு இதை ஈரத்தடுப்புக்குப் பரிந்துரைக்கலாம். இத்தாலியின் பார்மாவில் இதை உணவு டின்களின் உட்பூச்சாக உருவாக்கினார்கள்.

தோலைத் தண்ணீரில் போட்டு விதையை அடியில் தங்கவிட்டுப் பிரித்து, 3 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். வடிகட்டிய கருஞ்சிவப்புக் கரைசலில் அமிலத்தை மெதுவாகச் சேர்த்து பி.எச். 3, 4 அளவுக்குக் கொண்டுவந்தால் பழுப்புப் பிசின் அடியில் இறங்கும். அதைக் கழுவி, உலர்த்தி, ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, 150 முதல் 200 டிகிரியில் சுட்டால் மறுபடியும் வலையாக இறுகும்.

சிக்கல் அந்தச் சூட்டில் இருக்கிறது. தகர டின் 200 டிகிரியைத் தாங்கும். பழைய ஈயப்பற்று 183 டிகிரியில் உருகும், கெப்பாசிட்டர் அதற்கு முன்பே கெட்டுவிடும். சுடாமல் விட்டால் அமில முனைகள் மீந்து செம்பைப் பச்சையாக்கும். எனவே இன்றைய நிலையில் இதைப் போர்டின்மேல் போட வேண்டாம். சென்சார், ஸ்டார்ட்டர் வைக்கும் இரும்புப் பெட்டியின் உட்பூச்சாகப் போடலாம்.

ரோட்டில் கொட்டும் பழத்தில் இருந்து நேரடியாகத் தோல் எடுப்பது கட்டாது. பழத்தில் 95 சதவீதம் தண்ணீர், தோல் மிகக் கொஞ்சம். கூழ் எடுக்கும் ஆலையில் மிஞ்சும் சக்கையில்தான் தோல் மொத்தமாகக் கிடைக்கும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் மாம்பழம் இல்லாத மாதங்களில் தக்காளி அரைத்தால் அந்தச் சக்கையை வைத்துக் கணக்குப் போடலாம். உங்கள் உற்பத்தியாளர் குழு முதலில் பேச வேண்டியது அவர்களிடம்.

கேள்வி: போர் மோட்டாரின் மொபைல் ஸ்டார்ட்டர் கார்டு (போனில் இருந்து மோட்டாரைப் போடும் மின்சுற்றுப் பலகை) வருஷத்துக்கு ஒருமுறை போகிறது. மெக்கானிக் சொன்னார் என்று விளக்கெண்ணெய் தடவினேன். ஆறு மாதத்தில் கார்டு முழுக்கப் பச்சை பூத்து, எறும்பும் குடியேறிவிட்டது. எந்தத் தாவரப் பூச்சு போட்டால் தாங்கும்?
- விவசாயி, பென்னாகரம்

பதில்: அந்தப் பச்சை பாசி இல்லை, எண்ணெயில் தனியாக நின்ற கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டான செம்புச் சோப்பு. இறுகாத எண்ணெய் எதுவானாலும் இப்படித்தான் ஆகும்: தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், எல்லாம். தூசியைப் பிடித்துவைக்கும், ரிலே முனையில் படிந்து தொடர்பைக் கெடுக்கும்.

முதலில் மெயினை இறக்கி, மூன்று பேஸும் வரவில்லை என்று டெஸ்டரில் பார்த்துவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு பச்சையும் எண்ணெயும் போகும்வரை கழுவுங்கள். ஈயம் வைத்த இடத்தில் தேன்நிறத்தில் பளபளவென்று இறுகியிருக்கும் ரோசினைச் சுரண்ட வேண்டாம். அது பைன் மரத்துப் பிசின். கார்டில் ஏற்கெனவே இருக்கும் தாவர ஈரத்தடுப்பு அதுதான். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மட்டும் எடுங்கள். நிழலில் ஒரு நாள் காயவிட்டு, கடையில் கிடைக்கும் பிசிபி வார்னிஷையோ, இறுகும் ஆமணக்கு யூரேத்தேன் பூச்சையோ 50 முதல் 100 மைக்ரான் கனத்தில் அடியுங்கள். ரிலே, கனெக்டர், சிம் செருகும் இடம், டைமர் திருகு ஆகியவற்றை முன்பே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அரக்கு வார்னிஷ் கைவசம் இருந்தால் அதையும் போடலாம்; ஆனால் அது பூச்சி தரும் பிசின், தாவரம் இல்லை. தண்ணீர் நேரடியாகப் பட்டால் வெள்ளை பூக்கும்.

இனி பெட்டிக்கு வருவோம். பத்து லிட்டர் பெட்டி பகலில் 30-ல் இருந்து 55 டிகிரிக்குச் சூடானால் 800 மில்லி காற்று வெளியே போகும். இரவில் அதே அளவு பனிக்காற்று உள்ளே வரும். அதோடு வரும் தண்ணீர் ஒரு நாளைக்குச் சுமார் 17 மில்லிகிராம். மற்ற இடமெல்லாம் அடைத்திருந்தால் 50 கிராம் சிலிக்கா ஜெல் பத்து கிராம் தண்ணீர் குடிக்கும், ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். ஆனால் கேபிள் நுழையும் இடத்தில் கட்டைவிரல் அளவு ஓட்டை இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது, எறும்பும் அதே வழியில்தான் வருகிறது. கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட் போடுங்கள். கிடைக்காவிட்டால் தவிட்டு மெழுகும் ரோசினும் உருக்கி, சணலில் தோய்த்து இறுக்கி அடையுங்கள். தேன்மெழுகு வெயிலில் ஒழுகிவிடும்.

பெட்டியை முழுசாக அடைக்க முடியாது என்றால் சிலிக்கா ஜெல் வைக்காதீர்கள். ஊரின் ஈரத்தையெல்லாம் அது இழுத்துப் பெட்டிக்குள் வைக்கும். அதற்குப் பதில் அடிப்பக்கத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு, உள்பக்கம் நெருக்கமான கம்பிவலை ஒட்டுங்கள். கேபிளை மேலிருந்து நேராக நுழைக்காமல், பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து அடியில் இருந்து ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.